கட்டாரில் பிறந்த பிள்ளையைக் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) பதியலாமா?

"கட்டார் பிறப்புச் சான்றிதழ் போதும், ஊருக்கு வந்து மட்டக்களப்புக் கச்சேரியில் பதியலாம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. வெளிநாட்டில் நடந்த பிறப்பைக் கச்சேரியில் பதிய முடியாது.

இலங்கையின் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் 5(2)ஆம் பிரிவுப்படி, பிள்ளைக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைக்க, பிறந்து ஒரு வருடத்துக்குள் அந்நாட்டிலுள்ள இலங்கைத் தூதரகத்தில் பதிய வேண்டும். பிந்தினாலும் பதியலாம், ஆனால் தண்டப்பணம் உண்டு. ஊருக்கு வந்த பிறகென்றால் பத்தரமுல்லைக் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்குத்தான் அலைய வேண்டும். தகப்பன் இலங்கையராக இருந்தால்தான் ஆகும் என்பதும் பழைய கதை. 2003இலிருந்து தாய் இலங்கையர் என்றாலும் சரி.

தூதரகத்துக்கு: அந்நாட்டு வெளிநாட்டு அமைச்சு உறுதிப்படுத்திய பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் கடவுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ். மூலப்பிரதிகளோடு போங்கள்.

பெரும்பாலும் இழுபடுவது பெயரில்தான். விவாகப் பதிவில் தகப்பன் பெயர் முதலெழுத்தோடு நிற்கும், கடவுச்சீட்டில் முழுதாக விரிந்திருக்கும். ஆஸ்பத்திரிக்காரர் அரபியில் எழுதியது ஆங்கிலத்துக்கு வரும்போது மூன்றாவது பெயராகிவிடும். ஆகவே ஆஸ்பத்திரியில் பெயர் கொடுக்கும்போதே கடவுச்சீட்டைப் பார்த்து எழுத்துக்கெழுத்து எழுதுவியுங்கள். பிறகு திருத்துவது பெரும் தலையிடி. விவாகச் சான்றிதழின் பிரதியை ஊரிலுள்ளவர் பிரதேச செயலகத்தில் எடுத்து அனுப்பலாம்.