கூப்பிட்டால் வரும் பறவை

ஊரில் அம்மா தினமும் சோறு வடித்ததும் மொட்டைமாடிச் சுவரில் ஒரு பிடி வைத்துவிட்டு "கா... கா..." என்று கூப்பிடுவார். எங்கிருந்தோ காகம் வந்துவிடும். சின்ன வயதில் இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆப்பிரிக்காவின் தேன்காட்டிப் பறவையைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் அம்மாவின் அந்தக் குரலை நினைத்து நினைத்துப் பார்க்கிறேன்.

தேன்காட்டி மைனாவைவிடச் சிறியது. எடை ஏறக்குறைய 50 கிராம். மொசாம்பிக் நாட்டின் வடக்கே, நியாசா காட்டில் வாழும் யாவோ மக்கள் தேன் எடுக்கப் போகும்போது "பிர்ர்ர்... ஹ்ம்" என்று ஓர் ஒலி எழுப்புவார்கள். அதைக் கேட்டுத் தேன்காட்டி வரும். விடாமல் கீச்சிட்டுக்கொண்டே மரம் மரமாகத் தாவி முன்னால் போகும். ஆட்கள் பின்னாலேயே போவார்கள். தேன்கூடு இருக்கும் மரம் வந்ததும் பறவை அங்கேயே தங்கிவிடும்.

கூடு எங்கே என்று பறவைக்குத் தெரியும், ஆனால் மரப்பொந்தை உடைக்கவோ தேனீக்கள் கொட்டுவதைத் தாங்கவோ அதனால் முடியாது. புகையும் கோடாலியும் மனிதனிடம் இருக்கின்றன. தேன் அவனுக்கு, மெழுகு பறவைக்கு. மெழுகைச் செரிக்கக்கூடிய பறவைகள் உலகத்தில் வெகு சில, அவற்றில் இது ஒன்று. தேனை எடுத்தபின் யாவோ ஆட்கள் அடையின் ஒரு பகுதியைப் பச்சை இலைகளின் மேல் வைத்துவிட்டுப் போவார்களாம். படித்தபோது எனக்கு எங்கள் வீட்டு மாடிச் சுவர்தான் கண்ணில் வந்தது.

இது கட்டுக்கதை இல்லை. 1588லேயே ஜோவாவ் தோஸ் சாந்தோஸ் என்ற போர்த்துகீசியப் பாதிரியார் தன் ஆலயத்தின் மெழுகுவர்த்தியைத் தின்ன வந்த இந்தப் பறவையைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். 2016ல் பறவை ஆய்வாளர் கிளேர் ஸ்பாட்டிஸ்வுட் குழுவினர் நியாசாவில் சோதித்தே பார்த்தார்கள். வேறு ஒலிகளை எழுப்பிக்கொண்டு நடந்தால் தேன்கூடு கிடைக்கும் வாய்ப்பு 16 சதவீதம். யாவோ மக்களின் அந்த ஒலியோடு நடந்தால் 54 சதவீதம்.

என்னை உலுக்கியது இதற்கு அடுத்த செய்தி. தேன்காட்டி நம் குயிலைப் போலப் பிற பறவைகளின் கூட்டில் முட்டையிடும். குஞ்சு தன் தாயிடம் வளர்வதே இல்லை. அப்படியானால் இந்த ஒலிக்கு இன்ன அர்த்தம் என்று அதற்கு யார் சொல்லித் தந்தார்கள்? 2023ல் வந்த ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. தான்சானியாவில் ஹட்ஸா மக்கள் சீழ்க்கை அடித்து இதே பறவையைக் கூப்பிடுகிறார்கள். அங்குள்ள பறவைகள் சீழ்க்கைக்கு அதிகம் வருகின்றன, யாவோ ஒலிக்கு அவ்வளவாக வருவதில்லை. நியாசாவில் நேர் எதிர். அதாவது அந்தந்த ஊர்ப் பறவை அந்தந்த ஊர் மனிதரின் பேச்சைக் கற்றுக்கொள்கிறது!

காட்டு விலங்குகளோடு உறவு என்றால் நமக்குத் தெரிந்ததெல்லாம் யானைக்குச் சங்கிலி, கிளிக்குக் கூண்டு. இல்லையென்றால் பட்டாசு வெடித்து விரட்டுவது. இந்தப் பறவையை யாரும் பிடிக்கவில்லை, பழக்கவில்லை. வராமல் இருக்க அதற்கு முழுச் சுதந்திரம் உண்டு. இருந்தும் வருகிறது. உறவு என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான இடத்தை நான் பார்த்ததில்லை.

அது இப்போது குறைந்துகொண்டே போகிறது என்பதுதான் வேதனை. கடையில் சர்க்கரை கிடைக்கிற ஊர்களில் தேனுக்காகக் காட்டுக்குப் போகிறவர்கள் இல்லை. சில வனப்பகுதிகளில் தேன் எடுக்கவே தடை. பின்னால் வர ஆள் இல்லாத இடங்களில் பறவையும் கூப்பிடுவதை விட்டுவிடுகிறது. தடை போட்டவர்கள் நல்ல எண்ணத்தில்தான் போட்டிருப்பார்கள். ஆனால் மனிதரை மொத்தமாக வெளியேற்றினால்தான் காடு பிழைக்கும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அப்படிச் செய்தால் பறவை மிஞ்சும், பல நூறு ஆண்டுப் பேச்சு போய்விடும். நியாசாவில் மக்கள் காட்டுக்குள்ளேயே வாழ்கிறார்கள், தேன் எடுக்கிறார்கள், அதனால்தான் அங்கே அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

ஏன் இப்படி ஒலி எழுப்புகிறீர்கள் என்று யாவோ ஆட்களைக் கேட்டதற்கு, அப்பாவிடம் கற்றது என்றார்களாம். நேற்று போனில் அம்மாவிடம் அதே கேள்வியைக் கேட்டேன். "எங்கம்மா அப்படித்தாண்டா கூப்பிடுவாங்க" என்றார். என் மகள் அடுக்குமாடி வீட்டில் வளர்கிறாள், காகத்தைக் கூப்பிட்டதே இல்லை. இந்த லீவுக்கு ஊருக்குப் போகிறோம். சோற்றுக் கிண்ணத்தை அவள் கையில் கொடுத்துவிடுங்கள் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.