முன்பே யாரோ சொன்னதுதானா?

எதைச் சொன்னாலும் முன்பே யாரோ சொல்லியிருப்பார்கள், ஆகவே சுயசிந்தனை என்று ஒன்று கிடையவே கிடையாது என்று பேசுபவர்கள் பெருகிவிட்டார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. அவர்கள் வழக்கமாகக் காட்டும் சான்றையே எடுத்துக்கொண்டு மறுக்கிறேன்.

1858ஆம் ஆண்டின் தொடக்கத்தில், இன்றைய இந்தோனேசியாவின் மொலுக்கத் தீவுகளில் பூச்சிகளையும் பறவைகளையும் சேகரித்து விற்றுப் பிழைத்துவந்த ஆல்ஃபிரட் ரசல் வாலஸ், அந்த வெக்கையிலும் குளிர்காய்ச்சலால் நடுங்கிக் கம்பளிக்குள் முடங்கிக் கிடந்தபோது, பல ஆண்டுகளுக்கு முன் தாம் படித்த, பொருளியலாளர் மால்தஸின் மக்கள்தொகை பற்றிய நூலை நினைத்துப் பார்த்தார். உணவைவிட வேகமாக உயிர்கள் பெருகுமானால் பெரும்பாலானவை மடிந்தே தீர வேண்டும். அப்படியானால் பிழைப்பவை எவை? சூழலுக்குப் பொருந்திய சிறு வேறுபாடுகளைக் கொண்டவையே பிழைத்துப் பெருகும் என்ற விடைக்கு, அதாவது இயற்கைத் தேர்வு என்ற கருத்துக்கு, இக்கேள்வி அவரைக் கொண்டுசென்றது. அதைக் கட்டுரையாக எழுதி டார்வினுக்கே அனுப்பிவைத்தார். டார்வினோ அதே மால்தஸை 1838இல் படித்து, அதே விடையை அடைந்து, இருபது ஆண்டுகளாக அச்சேற்றாமல் வைத்திருந்தார். 1858 ஜூலை 1 அன்று இருவரின் எழுத்துகளும் இயற்கை ஆய்வாளர்களின் அமைப்பான லண்டன் லின்னேயன் கழகத்தில் ஒருசேர வாசிக்கப்பட்டன.

காலம் கனிந்திருந்தது, இவர்கள் இல்லாவிட்டால் இன்னொருவர் சொல்லியிருப்பார் என்பார்கள். ஆனால் மால்தஸின் நூல் முதலில் வெளிவந்தது 1798இல். அறுபது ஆண்டுகளாக எத்தனையோ பேர் அதைப் படித்து, ஏழைகளுக்கு உதவலாமா கூடாதா என்றே வாதிட்டார்கள். அதை வண்டுக்கும் குருவிக்கும் பொருத்திப் பார்த்தவர்கள் மிகச் சிலர். ஒரே இனத்தைச் சேர்ந்த உயிர்களை வரிசையாக அடுக்கி, ஒன்றின் அலகு சற்று நீண்டும் மற்றொன்றின் நிறம் சற்று மங்கியும் இருப்பதை ஆண்டுக்கணக்கில் உற்றுப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கேள்வி எழுந்தது.

இவர்களுக்கும் முன்பே 1831இல், ஸ்காட்லாந்தின் பாட்ரிக் மாத்யூ, கப்பல் கட்டும் மரங்களைப் பற்றிய தம் நூலின் பின்னிணைப்பில் இக்கருத்தின் சாரத்தை எழுதியிருந்தார். டார்வினும் அதைப் பின்னர் ஒப்புக்கொண்டார். இந்த இருவரையும் முந்திச் சொன்ன பெருமை மாத்யூவுக்கு உரியது. அதனால் பின்னால் வந்த இருவரின் சிந்தனை இரவல் ஆகிவிடுமா? ஒருவர் கண்டதை மற்றவர் அறியாமலே, மூவரும் தத்தம் வழியில் அங்கே வந்து சேர்ந்தார்கள்.

ஒரே கருத்தை அடைந்தவர்கள் அதோடு ஒரேவிதமாகச் சிந்திக்கவும் இல்லை. மனித மனத்தை விளக்க இயற்கைத் தேர்வு போதாது என்று வாலஸ் 1869இல் எழுதப்போவதை அறிந்த டார்வின், உங்களுக்கும் எனக்குமான குழந்தையை அடியோடு கொன்றுவிடவில்லை என நம்புகிறேன் என்று அவருக்கு எழுதினார். 1871இல் மனித மனமும் படிப்படியாக உருவானதே என்று டார்வின் நூலாகவே எழுதி வாதாடியும், வாலஸ் கடைசிவரை இணங்கவில்லை.