எஞ்சினை நிறுத்துங்கள், அவ்வளவுதான்

அந்த வீடியோவைப் பற்றித் திரும்ப விளக்கப் போவதில்லை. இரண்டு நாளாக எல்லாருடைய பக்கத்திலும் அதுதான் ஓடுகிறது. நீலத் திமிங்கிலம் மேலே வருகிறது, நாலு பக்கத்தாலும் சுற்றுலாப் போட்டுகள் பாய்கின்றன, ஒன்று அதன் தலைக்கு முன்னாலேயே குறுக்கே வெட்டிப் போகிறது, பின்னணியில் சினிமாப் பாட்டு. கீழே வரிசையாக இதயங்கள். நான் எழுதியது ஒரே ஒரு வரி: "எஞ்சினை நிறுத்தியிருக்கலாமே." அதற்கு வந்த மறுமொழிகளுக்குத்தான் இந்தப் பதிவு.

திமிங்கிலம் பார்க்கப் போவதற்கு நான் எதிரி இல்லை. திருகோணமலையில் பிறந்தவன் எப்படி எதிரியாக இருக்க முடியும்? துறைமுக வாசல் வரைக்கும் ஆழ்கடல் பள்ளத்தாக்கு வந்து நிற்கிற ஊர் இது. கோணேசர் கோயில் மலையில் நின்றே சில நாட்களில் அது ஊதுவதைக் காணலாம். போங்கள், பாருங்கள், உழையுங்கள். துரத்தாதீர்கள் என்கிறேன். அது மேலே வந்து சில தரம் மூச்சு விட்டு, வாலைத் தூக்கிச் சுழியோடினால் பத்து நிமிடமளவில் கீழேதான். சாப்பாடும் அங்கேதான். அந்தச் சில மூச்சுகளையும் எண்ணி முடிக்க விடாமல் விரட்டினால் அது என்ன செய்யும்? 100 மீட்டருக்குள் போகக் கூடாதென்று விதியே இருக்கிறது. எஞ்சினை நிறுத்திவிட்டு நில்லுங்கள் என்பது அவ்வளவு பெரிய கோரிக்கையா?

என் மாமாவுக்கு ஒரு விதியும் தெரியாது. யுத்தத்துக்கு நடுவே வந்த சமாதான காலத்தில் கடல் கொஞ்சம் திறந்திருந்த நேரம், என்னையும் மீன்பிடிக்கக் கூட்டிப் போவார். ஆலாப் பறவைகள் மீனுக்காகக் கூடிக் குத்துகிற இடத்தைப் பார்த்துப் போவோம். ஓங்கில்கள், அதுதான் டொல்பின்கள், கூட்டமாக வந்தால் வேகத்தைக் குறைப்பார். ஒருநாள் கிட்டவே பெரிய மூச்சுச் சத்தம். எஞ்சினை நிறுத்தி, "அசையாமல் இரடா" என்றார். தண்ணீருக்குள் பச்சையும் நீலமுமாக ஒரு நீளம், முடியவே முடியாத நீளம், வள்ளத்துக்கு அடியால் போனது. ஊதியபோது அழுகிய மீன் மணம் முகத்தில் அடித்தது. வால் தாழ்ந்த இடத்தில் எண்ணெய் ஊற்றியதைப் போல ஒரு வழவழப்பான வட்டம் கனநேரம் கிடந்தது. துரத்திப் போயிருந்தால் அதில் எதையும் நான் கண்டிருக்க மாட்டேன்.

"நீ மீன் தின்பதில்லையா?" தின்பேன். இன்றைக்கும் பாரைக் குழம்புதான். அடுத்தது.

"கப்பல்கள் மோதித் திமிங்கிலங்கள் சாகிறதைக் கேட்க மாட்டாயா?" கேட்கிறேன். இலங்கையின் தென்கோடியில், தேவேந்திரமுனைப் பக்கம் கப்பல் பாதையும் திமிங்கிலங்கள் இரை தேடும் இடமும் ஒன்றாகிக் கிடப்பதைப் பற்றி கடல் உயிரியலாளர் ஆஷா டி வோஸ் போன்றவர்கள் வருடக்கணக்காகக் கத்துகிறார்கள். 2022இல் எம்.எஸ்.சி. என்ற கப்பல் நிறுவனம் தன் கப்பல்களைச் சுமார் 15 கடல் மைல் தெற்கே தள்ளிப் போகச் சொன்னது. அவ்வளவு பெரிய கப்பல் கம்பனியால் 15 கடல் மைல் தள்ளிப் போக முடிகிறது. தம்பி, உங்களால் 100 மீட்டர் தள்ளி நிற்க முடியாதா?

"வெளிநாட்டில் இருந்துகொண்டு புத்தி சொல்லாதே" என்று ஒரு மகான். ஐயா, நான் இதே திருகோணமலையில், உவர்மலையில் இருக்கிறேன். எனக்கும் அரிசி உங்கள் விலைதான்.

ஆனால் "ஏழை வள்ளக்காரன் வயிற்றில் அடிக்கிறாய்" என்றதுதான் சுட்டது. மீன்பிடிக்கப் போன மாமாவின் மருமகனான என்னிடம் சொல்கிற வார்த்தையா அது? அந்த வள்ளக்காரனை யார் விரட்டுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். "கட்டாயம் காட்டுவோம்" என்று கரையில் இருந்தபடி டிக்கெட் விற்பவர் வேறு. காட்டாவிட்டால் வசவு வாங்குபவர் வேறு. கச்சான் காற்று இரைய முதல் கரை சேரவும் வேண்டும். அவர் பாயத்தான் செய்வார். அவரைக் குற்றம் சொல்லவில்லை, அந்த உறுதிமொழியைச் சொல்கிறேன். கடலில் தன்பாட்டில் திரிகிற மிருகத்துக்கு உத்தரவாதம் எழுதிக் கொடுக்க நீங்கள் யார்?

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது. 1980களின் தொடக்கத்தில் 'டியூலிப்' என்ற ஆய்வுப் பாய்மரப் படகு இந்தக் கடலுக்கு வந்தது. தண்ணீருக்குள் ஒலிவாங்கியை விட்டு, விந்துத் திமிங்கிலங்களின் சத்தத்தைக் கேட்டுக் கேட்டே பின்தொடர்ந்தார்கள். எங்கள் திமிங்கிலங்களைப் பற்றி உலகம் அப்படித்தான் அறிந்தது. பிறகு யுத்தம். எங்களுக்குக் கடலில் இறங்கவே பாஸ், அதாவது அனுமதிச் சீட்டு, வேண்டியிருந்தது. இப்போது பாஸ் வேண்டாம், டொலர் வேண்டும். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் கடற்கரையோரம் வளர்கிற பிள்ளைகளில் எத்தனை பேர் ஒரு திமிங்கிலத்தைக் கண்ணால் கண்டிருக்கிறார்கள்? அந்த வீடியோவில் இதயம் போட்டவர்களில் ஒருவராவது ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஒரு காலையில் இலவசமாகக் கூட்டிப் போயிருக்கிறாரா? முதலில் அதற்குப் பதில் எழுதுங்கள், பிறகு என்னைத் திட்டலாம்.