பாட்டில் சட்டையும் குடோன் அக்காவும்

போன வாரம் பையனுக்கு ஒரு டீ-ஷர்ட் வாங்கினேன். கழுத்தில் பச்சை நிற அட்டை தொங்கியது, மறுசுழற்சி செய்த துணியாம். வீட்டுக்கு வந்து உள்ளே தைத்திருந்த லேபிளைப் பார்த்தால் 60 சதவீதம் ரீசைக்கிள்டு பாலியஸ்டர், 40 சதவீதம் பருத்தி. அந்தப் பாலியஸ்டர் அநேகமாக யாரோ தண்ணீர் குடித்துவிட்டு எறிந்த பாட்டிலாகத்தான் இருக்கும். உலகம் முழுக்க விற்கும் மறுசுழற்சி பாலியஸ்டரில் மிகப் பெரிய பங்கு பாட்டிலிலிருந்துதான் வருகிறது. பாட்டில் திரும்பப் பாட்டிலாகவே சில சுற்று வந்திருக்கலாம். பருத்தியோடு கலந்து சட்டையான பிறகு அதற்குப் போக்கிடம் கிடையாது.

திருப்பூர்க்காரன் என்பதால் எனக்கு இதில் கொஞ்சம் கூடுதல் எரிச்சல். துணியிலிருந்து நூல் எடுப்பது எங்கள் பக்கம் பழைய தொழில். பனியன் கம்பெனிகளில் கட்டிங் டேபிளில் விழும் துண்டுகளை யாரும் குப்பையில் கொட்டுவதில்லை. கிலோ விலை பேசி வேஸ்ட் குடோனுக்குப் போகும். அங்கே பெண்கள் உட்கார்ந்து நிறம் நிறமாகப் பிரிப்பார்கள். வெள்ளை தனி, கறுப்பு தனி, நீலத்திலேயே நாலைந்து குவியல். அப்புறம் ஊசிப் பற்கள் பதித்த உருளைகளில் விட்டுக் கிழித்தால் துணி மறுபடி பஞ்சாகிவிடும். அந்தப் பஞ்சு ஓ.இ. (ஓப்பன் எண்ட்) முறையில் நூல் நூற்கும் மில்களுக்குப் போய், கூம்பில் சுற்றிய நூல் கோனாகத் திரும்பும்.

நிறம் பிரிப்பதில்தான் சூட்சுமமே இருக்கிறது. நீலத் துண்டைக் கிழித்தால் நீலப் பஞ்சு, அதிலிருந்து நீல நூல். மறுபடி சாயம் போட வேண்டாம். நொய்யல் ஆற்றை சாயக் கழிவு என்ன பாடு படுத்தியது, 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது ஊர் எப்படி ஸ்தம்பித்தது என்று பார்த்தவர்களுக்கு இதன் மதிப்பு தெரியும்.

குறை இல்லாமல் இல்லை. நல்ல பஞ்சின் இழை 28, 30 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். கிழிபடும்போது அறுந்து குட்டையாகிவிடும். குட்டை இழையை வைத்து மெல்லிய நூல் ஓட்ட முடியாது. 10, 20 கவுண்ட் என்று தடித்த நூல்தான் வரும் (கவுண்ட் எண் கூடக் கூட நூல் மெலியும்). மிதியடி, போர்வை, கையுறை, தரை துடைக்கும் மாப் என்று போய்விடும். பலம் வேண்டுமென்றால் பாலியஸ்டர் கலப்பார்கள், அதுவும் பெரும்பாலும் பாட்டில் பாலியஸ்டர்தான். அதனால் நான் பாட்டிலை முழுசாகத் திட்டவும் முடியாது, சரி.

ஆனால் இதெல்லாம் யாரும் உடுத்தாத புதுத் துண்டு. உடுத்திக் கழித்த துணி என்று வந்தால் கதை மாறுகிறது. பானிபட்டில் வெளிநாட்டுப் பழைய கம்பளி உடுப்புகளைக் கிழித்துப் போர்வை நெய்கிறார்கள். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பாட்லி என்ற ஊரில் பெஞ்சமின் லா 1813-இலேயே இதைத் தொடங்கிவிட்டார். அந்தத் துணிக்கு ‘ஷாடி’ என்று பெயர். பின்னாளில் ஆங்கிலத்தில் மட்டமான சரக்குக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது, பாவம்.

இழையை அறுக்காமல் ரசாயனத்தில் கரைத்துக் கூழாக்கும் வழியும் உண்டு. பழைய பருத்தித் துணியைக் கூழாக்கி, விஸ்கோஸ் என்ற செயற்கைப் பட்டு இழை தயாரிக்கக் கொடுப்பதற்காக ஸ்வீடனில் சுண்ட்ஸ்வால் என்ற ஊரில் ரீநியூசெல் நிறுவனம் 2022-இல் பெரிய ஆலை திறந்தது. பேஷன் கம்பெனிகள் ஆஹா ஓஹோ என்றன. ஆர்டர் மட்டும் போதுமான அளவு வரவில்லை. 2024 பிப்ரவரியில் திவால் மனு கொடுத்தார்கள். பின்னர் வேறொரு முதலீட்டாளர் வாங்கி வேறு பெயரில் நடத்த முன்வந்தார். மேடையில் பேசுகிறவர்கள் கொஞ்சம் விலை கூடக் கொடுத்து வாங்கியிருந்தால் அந்த ஆலை தப்பித்திருக்கும் என்பது என் எண்ணம்.

இன்னொரு வில்லன் லைக்ரா, ரப்பர் மாதிரி இழுபடும் செயற்கை இழை. ஜீன்ஸ், லெகின்ஸ், இப்போது சாதாரண டீ-ஷர்ட் வரை எல்லாவற்றிலும் 3, 5 சதவீதம் சேர்க்கிறார்கள். அந்தக் கொஞ்சூண்டுக்காக கிழிக்கும் இயந்திரமும் தடுமாறும், கரைக்கும் ஆலையும் தடுமாறும். துணியை வடிவமைக்கிறவர் ஒருநாளாவது வேஸ்ட் குடோனில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

நான் ஒருமுறை உட்கார்ந்திருக்கிறேன். ஒரு அக்கா துண்டை எடுப்பதும் எறிவதும் கண்ணுக்கே தெரியவில்லை, அவ்வளவு வேகம். லைக்ரா கலந்ததை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று கேட்டேன். “இழுத்தாத் தெரியாதுங்களா தம்பி?” என்று சிரித்தார். பாலியஸ்டரா என்று சந்தேகம் வந்தால் நூலைப் பிரித்துத் தீக்குச்சியில் காட்டுவாராம். பருத்தி காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும், பாலியஸ்டர் உருகி மணியாகும்.

பச்சை அட்டை போட்ட அந்த டீ-ஷர்ட்டிலிருந்தும் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்த்தேன். பையன் முறைத்தான். விரல் நுனியில் கறுப்பாக ஒரு மணி ஒட்டிக்கொண்டது.