கோட்டைக்கு அப்புறம் போகலாம், முதலில் மார்க்கெட்டுக்கு வாங்க

வேலூருக்கு வருகிறேன், ஒரு நாள்தான் இருக்கிறது, என்ன பார்க்கலாம் என்று கேட்டால் கோட்டை, ஜலகண்டேஸ்வரர் கோயில், ஸ்ரீபுரம் பொற்கோயில் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். தப்பில்லை. 'தண்ணி இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில்' என்று எங்கள் ஊரைக் கேலி பேசுவார்கள். ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு 1981-இல் சாமி திரும்பி வந்துவிட்டார். ஆற்றைப் பற்றி இங்கே பேச வேண்டாம். ஆனால் என்னைக் கேட்டால், காலை ஆறு மணிக்கு நேதாஜி மார்க்கெட் என்பேன். கையில் ஒரு துணிப்பையோடு.

பெரிய ஊர்களின் தெருக்கடைகளைச் சுற்றுவது இப்போது தனிச் சுற்றுலாவாகவே ஆகிவிட்டது. பாங்காக்கின் வார இறுதிச் சந்தை, பெங்களூரு கே.ஆர். மார்க்கெட், பல்லாவரம் வெள்ளிச் சந்தை என்று வீடியோவுக்குப் பஞ்சமில்லை. எல்லாவற்றிலும் இரண்டு அறிவுரை கட்டாயம் இருக்கும். பர்ஸைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். சொன்ன விலையில் பாதிக்குக் கேளுங்கள். முதலாவது சரி. இரண்டாவதைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும்.

வெளியூர்க்காரர் ஒரு சந்தையில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை வீடியோ எடுப்பவர்களிடம் கற்கத் தேவையில்லை. வேலூரில் அதற்கு வேறு ஆசிரியர்கள் இருக்கிறார்கள். சி.எம்.சி. மருத்துவமனைக்கு வங்காளம், அசாம், ஜார்க்கண்ட், ஏன் எல்லை தாண்டி வங்கதேசத்திலிருந்தும் வரும் நோயாளிகளின் சொந்தக்காரர்களைச் சொல்கிறேன். ஐடா ஸ்கடர் 1900-இல் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய மருத்துவமனை அது. இன்று அதைச் சுற்றியுள்ள காந்தி ரோடு, பாபுராவ் தெருப் பக்கம் போனால் தமிழுக்குப் போட்டியாக வங்காள எழுத்துப் பலகைகள் தொங்கும். லாட்ஜுகளில் அறையோடு அடுப்பும் பாத்திரமும் வாடகைக்குக் கிடைக்கும். சிகிச்சை வாரக்கணக்கில் இழுக்கும். அத்தனை நாளும் ஓட்டலில் சாப்பிட வயிறும் ஒத்துக்கொள்ளாது, கையில் காசும் நிற்காது. ஆகவே சமைக்கிறார்கள். சமைக்க வேண்டுமானால் மார்க்கெட்டுக்கு வந்துதானே ஆக வேண்டும்?

அவர்கள் வாங்குவதைப் பார்த்திருக்கிறீர்களா? காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கிய முதல் நாள் கொஞ்சம் மிரட்சி இருக்கும். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், லாங்கு பஜாரில் எந்தக் கடையில் உருளைக்கிழங்கு நன்றாக இருக்கும் என்பது என்னைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். கத்தரிக்காயைத் திருப்பிக் காம்பைப் பார்ப்பார்கள். மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் பையை நீட்ட மாட்டார்கள். எங்கள் மீன் மார்க்கெட்டில் நாகப்பட்டினத்திலிருந்தும் கேரளாவிலிருந்தும் வரும் கடல் மீனுக்குத்தான் உள்ளூரில் மவுசு. அவர்களுக்கோ ரோகு, கட்லா போன்ற ஆற்று மீன், ஏரி மீன்தான் வேண்டும். மளிகைக் கடையில் கடுகெண்ணெய் பாட்டில் கண்ணில் படுகிற இடத்தில் நிற்பது இவர்களால்தான். கசகசாவை நாம் குருமாவுக்கு ஒரு ஸ்பூன் போடுவோம். அவர்கள் அதை அரைத்து உருளைக்கிழங்கில் கொட்டி, அதையே முழுச் சாப்பாட்டுக்கான கறியாக்கிவிடுவார்கள்.

கடைக்காரர்களும் சும்மா இல்லை. கூறு கட்டி விற்கும் அம்மா, 'வாங்க தாதா, வாங்க தீதி' (அண்ணா, அக்கா) என்று கூப்பிட்டு, வங்காள மொழியில் விலை சொல்லி, சில்லறை கொடுக்கும்போது மட்டும் 'எடுத்துனு போம்மா' என்று தமிழுக்கு இறங்குவார். அரசாங்கம் வகுப்பெடுத்து இதைச் சொல்லிக்கொடுத்திருக்க முடியுமா என்ன?

இந்த வங்காளிகள் பேரம் பேசாமல் இருப்பார்களா? நன்றாகவே பேசுவார்கள். ஆனால் கேட்பது வேறு. 'இந்தச் சொத்தையை எடுத்துட்டு வேற போடு', 'ரெண்டு மிளகாய் சேர்த்துப் போடு', 'நாளைக்கும் உன்கிட்டதான் வருவேன்' என்பதுதான் அவர்கள் பேரம். வீடியோ பார்த்துவிட்டு வருகிறவர், முப்பது ரூபாய்க் கீரைக்கட்டைப் பதினைந்துக்குக் கேட்டுவிட்டு, கொடுக்காவிட்டால் முறைத்துக்கொண்டு போகிறார்.

கீரைக்காரியின் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். விடிவதற்கு முன் மண்டியில் எடுத்த சரக்கு. வேலூர் வெயிலில் பதினோரு மணிக்கு மேல் கீரை துவண்டுவிடும், சாயங்காலம் மாட்டுக்குத்தான் போடணும். பலருக்கு முதலே கடன். இருட்டும் நேரத்தில் தண்டல்காரர் நோட்டோடு வந்து நிற்பார். இதற்குள் 'பாதி விலை' என்று ஒரு இடம் எங்கே இருக்கிறது? இருந்தால் அவரே குறைத்து, பக்கத்துக் கடைக்காரிக்கு முன்னால் விற்றுத் தீர்த்திருப்பாரே. பத்துக் கடை வரிசையாக ஒரே காயை விற்கும் இடத்தில் விலையைப் போட்டியே இறக்கிவிடுகிறது. வெளியூர்க்காரருக்கு ஐந்து ரூபாய் கூடச் சொல்வார்கள், சரி. அதற்கு மருந்து, இரண்டு கடை தள்ளி நின்று உள்ளூர்க்காரர் என்ன கொடுக்கிறார் என்று பார்ப்பதுதான்.

பேரம் பேசியே தீருவேன் என்பவர்களுக்கு எங்கள் ஊரில் இடம் இல்லாமல் இல்லை. சாரதி மாளிகைப் பக்கம் பை, பெல்ட், ஃபேன்சி சாமான் கடைகளில் தாராளமாகப் பேசுங்கள், அங்கே விலை சொல்லும்போதே பேரத்துக்கும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள். உண்மையான பேரத்தைப் பார்க்க வேண்டுமானால் செவ்வாய்க்கிழமை பொய்கை மாட்டுச் சந்தைக்குப் போங்கள். பெங்களூரு நெடுஞ்சாலையில் பக்கத்திலேயேதான். ஆந்திரா, கர்நாடகாவிலிருந்தெல்லாம் மாடு வரும். தரகரும் வாங்குகிறவரும் துண்டுக்கு அடியில் கையைக் கோத்து, விரலைப் பிடித்தே விலை பேசுவார்கள். சுற்றி நிற்கும் நூறு பேருக்கும் தெரியாது. அங்கே போய்க் குறுக்கே கேமராவை நீட்டாதீர்கள். மாடு மிரண்டால் உங்களுக்குத்தான் ஆபத்து, தரகர் மிரண்டால் அதைவிட.

'சந்தை அழுக்கு, நெரிசல், நடக்க முடியவில்லை' என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. மண்டித் தெருவில் சரக்கு இறங்கும் நேரத்தில் நானும்தான் திட்டிக்கொண்டே நடக்கிறேன். மழை பெய்தால் காய்கறிக் கழிவோடு சேர்ந்து தரை வழுக்கும். 2008-இல் மாநகராட்சி ஆன ஊர், இதைவிட நன்றாக வைத்திருக்கலாம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதற்கு வழி தரைக்கடைகளைத் துரத்துவது அல்ல. தெரு வியாபாரிகளுக்கென்று 2014-இல் மத்திய சட்டமே வந்தது. கணக்கெடுத்து, சான்று கொடுத்து, இடம் ஒதுக்க வேண்டும், அதற்கான குழுவில் வியாபாரிகளும் உட்கார வேண்டும் என்கிறது அது. தண்ணீர், கழிப்பறை, நிழல் மூன்றையும் கொடுத்துப் பாருங்கள், பாதிப் புகார் போய்விடும். கூடை இறக்கும் பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருப்பது எதனால் என்று யோசித்தால் புரியும்.

பூ மார்க்கெட்டை விட்டுவிட்டேனே. முகூர்த்த நாளுக்கு முந்தின தினம் போங்கள். நேற்று வரை கேட்பாரற்றுக் கிடந்த மல்லி எந்த வேகத்தில் ஏறுகிறது என்று பார்க்கலாம். உதிரிப்பூ கிலோவில், கட்டின சரம் முழத்தில். முழம் என்பது யார் கை என்ற சண்டை தினமும் உண்டு.

கடைசியாக, சமைக்க அடுப்பில்லாத ஒரு நாள் பயணி என்ன வாங்குவது என்று கேட்பீர்கள். முள் கத்தரிக்காய் வாங்குங்கள். அணைக்கட்டுப் பக்கம் இலவம்பாடியில் விளைவது, 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. விதை குறைவு, சதை வெண்ணெய் மாதிரி வேகும். ரயிலில் வீடு போய்ச் சேரும் வரை தாங்கும், மறுநாள் எண்ணெய்க் கத்தரிக்காய் செய்யலாம். இலவம்பாடிக் காய்தானா என்று கேட்டு வாங்குங்கள், அந்தப் பெயரைச் சொல்லி வேறு காயும் விற்கிறார்கள். காம்பில் உள்ள முள் நிஜமாகவே குத்தும், பை கிழியும். பழைய பேப்பரில் சுற்றித் தரச் சொன்னால் தருவார்கள், அதற்குத் தனியாகக் காசு கேட்க மாட்டார்கள்.