ரசீது கேட்காவிட்டால் தப்பிவிடலாமா?

அண்ணே, மலேசிய வருமான வரி பற்றி நீங்கள் "இ-ஃபைலிங்கில் (இணையத்தில் வரிக் கணக்குத் தாக்கல்) ரசீது கேட்பதில்லை, 5 வருஷம் ஓட்டினால் யாரும் தொட முடியாது" என்று எழுதியது பாதிதான் சரி. கழிவு கேட்கும் செலவுக்கான ரசீதை இணைக்க வேண்டாம், ஆனால் 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். தணிக்கை வந்தால் அதைத்தான் கேட்பார்கள். அந்த 5 ஆண்டு வரம்பு மோசடிக்குக் கிடையாது.

சுங்கை சிப்புட்டில் தெரிந்த கடையில் வெற்று பில் வாங்கி வாழ்க்கைமுறைக் கழிவு (புத்தகம், கணினி போன்ற செலவுக்கு வருமானத்தில் கழித்துக்கொள்ளும் தொகை) 2,500 ரிங்கிட்டை நிரப்பலாம் என்ற உங்கள் யோசனை அதைவிட மோசம். வருமான வரி வாரியம் கடைக்காரரிடமும் கணக்குக் கேட்கலாம். நம்ம பில்லுக்காக அவர் தன் விற்பனையைக் கூட்டிக் காட்டுவாரா என்ன? எஸ்டேட் (தோட்டம்) சம்பளத்தைக் குறைத்துக் காட்டலாம் என்பது இன்னும் வேடிக்கை. அந்தத் தொகையை எஸ்டேட் நிர்வாகமே வாரியத்துக்குத் தெரிவித்துவிடும்.

வேண்டுமென்றே ஏய்த்ததாக நிரூபணமானால் 1,000 முதல் 20,000 ரிங்கிட் வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அப்புறம், ஏய்த்த வரியில் மூன்று மடங்கு தனியாக.