புதைப்பதற்கு முன் ஒரு துண்டு எடுத்து வையுங்கள்

கரை ஒதுங்கிய திமிங்கிலத்தையோ டால்பினையோ மருத்துவர்கள் அறுத்துப் பார்க்கும் படம் வந்தால் போதும், "செத்ததைக் கிழித்து என்ன கண்டுபிடிக்கப் போகிறார்கள், புதைத்துவிட்டுப் போகவேண்டியதுதானே" என்று யாராவது எழுதிவிடுகிறார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

1987 கோடையில் அமெரிக்காவின் நியூஜெர்சி கரையில் டால்பின்கள் செத்து ஒதுங்கத் தொடங்கின. சாவு மெல்லத் தெற்கே நகர்ந்து அடுத்த ஆண்டு புளோரிடா வரை போனது. 740க்கும் மேற்பட்ட உடல்கள் கிடைத்தன. கடல்நீரைச் சிவக்கவைக்கும் நுண்பாசியின் நஞ்சு, மீன் வழியாக டால்பின்களின் வயிற்றுக்குள் போனதுதான் காரணம் என்று 1989இல் அறிக்கை வந்தது. பலரும் சந்தேகப்பட்டார்கள். ஆனாலும் அதுவே அதிகாரபூர்வமான பதிலாக நின்றது.

இதற்கிடையே 1988இல் வட ஐரோப்பியக் கடல்களில் ஏறத்தாழ 18,000 கடல்நாய்கள் மடிந்தன. அவற்றைக் கொன்றது ஒரு வைரஸ். அதே ஆண்டு வட அயர்லாந்துக் கரையில் ஒதுங்கிய, டால்பினின் உறவினமான கடற்பன்றிகளின் உடலிலும் அந்த இனத்தைச் சேர்ந்த வைரஸ் இருந்தது. 1990இல் ஸ்பெயினின் வலென்சியா அருகே வரி டால்பின்கள் சாகத் தொடங்கி, இரண்டே ஆண்டுகளில் கொள்ளைநோய் கிரேக்கக் கடல் வரை பரவியது. அங்கும் அதே குடும்பம்தான். குழந்தைகளுக்குத் தட்டம்மை தருவதும், நாய்களைக் கொல்லும் டிஸ்டெம்பரும், ஒரு காலத்தில் மாட்டுத் தொழுவங்களைக் காலியாக்கிய வெக்கை நோயும் இந்த மார்பிலி வைரஸ் குடும்பத்துப் பிள்ளைகள்தாம்.

அப்படியானால் 1987இல் செத்தவை? நல்லவேளையாக அவற்றின் நுரையீரல், மூளை, நிணநீர்க்கட்டித் துண்டுகளை யாரோ ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்துப் பத்திரப்படுத்தியிருந்தார்கள். அந்த மெழுகுக் கட்டிகளை மீண்டும் எடுத்து, காகிதத்தைவிட மெல்லிய சீவல்களாகச் சீவி, வைரஸ் இருக்கும் இடத்தில் மட்டும் நிறம் ஏறும்படி சோதித்தார்கள். பல செல்கள் ஒன்றோடொன்று கலந்து, பல உட்கருக்களோடு ஊதிப்போன இராட்சதச் செல்கள் அங்கே தெரிந்தன. 79 டால்பின்களில் 42இல் வைரஸின் தடயம் கிடைத்தது. 1994இல் அந்த ஆய்வு வெளியானது. துண்டு எடுத்து வைத்தவர் வைக்காமல் போயிருந்தால், பாசியின் மேல் சுமத்திய பழி இன்றும் அப்படியே இருந்திருக்கும்.

வைரஸ் என்று தெரிந்ததும் "இயற்கை தன் வேலையைச் செய்கிறது, நாம் என்ன செய்ய முடியும்" என்று கையைக் கழுவுவோரையும் பார்க்கிறேன். மத்தியதரைக் கடலில் நோயில் இறந்த டால்பின்களின் கொழுப்பில், உயிரோடிருந்தவற்றைவிட அதிகமாகப் பிசிபி என்ற தொழிற்சாலை இரசாயனம் சேர்ந்திருந்தது. அது நோய் எதிர்ப்பாற்றலைக் குலைக்கக்கூடியது. கொன்றது வைரஸ்தான், சரி. ஆனால் பலவீனப்படுத்தியதில் நமக்குப் பங்கில்லை என்று யாரும் சத்தியம் செய்துவிட முடியாது. இதுவும் அறுத்துப் பார்த்ததால் தெரிந்ததுதான்.

2013இல் அதே அமெரிக்கக் கிழக்குக் கரையில் மீண்டும் சாவு தொடங்கியது. 2015க்குள் 1,600க்கும் அதிகமான டால்பின்கள் மடிந்தன. இம்முறை மார்பிலி வைரஸ்தான் காரணம் என்று கண்டுபிடிக்கச் சில வாரங்களே போதுமாக இருந்தன. அதனால் அவை பிழைத்துவிடவில்லை. திறந்த கடலில் திரியும் விலங்குக்குத் தடுப்பூசி போட வழியில்லை. ஆனால் தவறான எதிரியைத் துரத்திக்கொண்டு ஆண்டுகளை வீணாக்கவில்லை.

உயிருள்ள திமிங்கிலத்திடமும் இப்போது மாதிரி எடுக்கிறார்கள். 2017இல் சிட்னி அருகே, மூடியைத் தொலைவிலிருந்தே திறக்கக்கூடிய ஓர் ஆய்வகத் தட்டை ட்ரோனில் பொருத்தி, கூனல்முதுகுத் திமிங்கிலம் மூச்சை விடும் நொடியில் அந்தத் தாரைக்குள் செலுத்தினார்கள். 19 திமிங்கிலங்களின் மூச்சுத் துளிகளில் அதுவரை அறியப்படாத ஆறு வைரஸ்கள் கிடைத்தன. அருமையான வேலை. ஆனால் மூச்சுத்துளி மூளைக்குள் நடந்ததைச் சொல்லாது. அதற்கு உடல் வேண்டும்.

2022 மார்ச்சில் புளோரிடாவில் கடற்சுவருக்கும் படகுத்துறைத் தூணுக்கும் நடுவே சிக்கிய இளம் ஆண் டால்பின் ஒன்று இறந்தது. சிக்கியதால் செத்தது என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். மூளையை எடுத்துச் சோதித்தார்கள். பறவைக்காய்ச்சல் வைரஸ் இருந்தது. அதே ஆண்டு ஸ்வீடனில் கரை ஒதுங்கிய ஒரு கடற்பன்றியிலும் அது கிடைத்தது.

பறவைகளிடமிருந்து கடற்பாலூட்டிகளுக்குத் தாவத் தொடங்கிவிட்ட நோய் இது. இந்த நேரத்தில் எந்த நாட்டுக் கடற்கரையானாலும் சரி, ஒதுங்கிய உடலை ஜேசிபி வைத்துப் புதைப்பதற்கு முன் ஒரு கால்நடை மருத்துவர் அங்கே போய்ச் சேர வேண்டும். அவரிடம் கத்தியும் ஃபார்மலின் புட்டிகளும் இருக்க வேண்டும்; எடுத்த துண்டுகளைப் பல ஆண்டுகள் பாதுகாக்க உறைகுளிர்ப் பெட்டியும், அதற்கு மின்கட்டணம் கட்டப் பணமும் வேண்டும். நான் கேட்பது இவ்வளவுதான்.